மீன் நெட்டியும் தேத்தாங்கொட்டையும்

இந்த வாரம் நான் விரும்பி எழுதவில்லை. பந்தயத்தில் தோற்றதற்குக் கட்டும் தண்டம் இது.

லண்டனில் இருக்கும் அக்கா மகள் மாட்டுப்பொங்கலன்று பேசினாள். சர்க்கரைப் பொங்கலில் நெய் விடலாமா என்று போன வருடம் என்னோடு மல்லுக்கு நின்றாளே, அவளேதான். அதைப் பற்றி நான் எழுதிய பத்திக்கு வந்த கடிதங்களில் பாதி அவள் கட்சி பேசியதை நான் இன்னும் மறக்கவில்லை. அவள் வீகன்; பால், நெய், தேன் எதையும் தொடமாட்டாள். நம்மூரில் அதற்கு 'நனிசைவம்' என்று ஒரு சொல் புழங்குகிறது, அவளிடம் சொன்னால் "யாரு மாமா அது?" என்பாள். ஜனவரி மாதத்தை மட்டும் அப்படி ஓட்டிப் பார்க்கும் 'வீகனுவரி' என்ற இயக்கம் அங்கே 2014இலிருந்து நடக்கிறது. அவள் அலுவலகத்தில் அதில் சேர்ந்தவர்கள் கூடிச் சாப்பிடப் போகிறார்களாம். ஒயின் வாங்கும் வேலை இவள் தலையில்.

"ஒரு மணி நேரமா கடையில நிக்கிறேன் மாமா. எது வீகன், எது இல்லன்னு பாத்துப் பாத்து எடுக்க வேண்டியிருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏம்மா, திராட்சையைப் பிழிஞ்சு ஊற வைக்கிறான். அது புளிக்குது. இதுல ஆடு எங்கேருந்து வந்துச்சு, மாடு எங்கேருந்து வந்துச்சு?"

"ஆடு மாடு இல்ல மாமா. மீனு."

"ஒயின்ல மீனா? போம்மா."

"பந்தயமா?"

கட்டினேன். அவள் தோற்றால் அடுத்த முறை வரும்போது என் கையால் ஒரு டம்ளர் மோர் குடிக்க வேண்டும். நான் தோற்றால் இந்த விஷயத்தைப் பத்தியில் எழுதி, என் அறியாமையை ஊருக்குச் சொல்ல வேண்டும். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, மோர் என் கையை விட்டுப் போய்விட்டது.

தோற்றதுகூடப் பெரிதில்லை. எங்கள் ஊர்ச் சரக்கை வைத்தே என்னைத் தோற்கடித்தாள், அதுதான் எரிச்சல். நான் ராமநாதபுரத்துக்காரன். பாம்பனில் கூறல் மீன் வலையில் விழுந்தால் அன்றைக்குக் கரையில் கூட்டம் கூடும். அதன் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பைக்கு நெட்டி என்று பெயர். மீனின் விலையே நெட்டியின் விலைதான். ஒரே மீன் லட்ச ரூபாயைத் தாண்டி ஏலம் போன செய்தி தினசரிகளில் அவ்வப்போது வரும். நெட்டி பெரும்பாலும் ஹாங்காங், சீனப் பக்கம் சூப்புக்குப் போகிறது. இதே காற்றுப்பையைச் சில மீன்களிலிருந்து எடுத்துக் காயவைத்துச் சுத்தம் செய்தால் அதற்கு ஐசிங்கிளாஸ் என்று பெயர். புளித்து முடிந்த ஒயினில் ஒரு கலங்கல் நிற்கும். ஐசிங்கிளாஸைக் கரைத்து ஊற்றினால் கலங்கலை இழுத்துக்கொண்டு அடியில் போய்ப் படியும். மேலே கண்ணாடி மாதிரி தெளிந்த ஒயினை மட்டும் இறுத்து எடுத்துக்கொள்ளலாம்.

மீனோடு நிற்கவில்லை. போர்டோ பக்கம் நல்ல சிவப்பு ஒயினுக்கு முட்டை வெள்ளைக்கரு. 225 லிட்டர் பீப்பாய்க்கு ஐந்தாறு முட்டை. நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பை அது வாங்கிக்கொள்ளும். மிச்சப்பட்ட மஞ்சள் கருவில்தான் கானலே என்ற அந்த ஊர்ப் பலகாரம் பிறந்தது என்று அங்கே கதை சொல்வார்கள். வெள்ளை ஒயினுக்குப் பாலிலிருந்து எடுக்கும் கேசின். எலும்பையும் தோலையும் காய்ச்சிய ஜெலட்டின். மாட்டு ரத்தம்கூட ஒரு காலத்தில் போனது. பைத்திய மாட்டு நோய் வந்த பிறகு ஐரோப்பாவில் தடை செய்துவிட்டார்கள்.

நான் விடவில்லை. "எல்லாம் அடியில தங்கிருதுல்ல? குடிக்கிறதுல ஏது? காப்பி வடிகட்டுற துணிய யாராச்சும் குடிக்கிறாங்களா?"

"துணி எதுல நெஞ்சதுன்னு கேக்கலாம்ல மாமா?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. அதைவிட மோசம், நான் பத்து வருடமாக இந்தப் பத்தியில் அழுது புலம்பும் லேபிள் விவகாரத்தில் அவள் என் பக்கம் வந்து நின்றாள். ஒரு பண்டத்தில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்றுதான் எழுதுகிறார்களே தவிர, என்னென்ன உள்ளே போய் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்தது என்று எழுதுவதில்லை. 2023 டிசம்பர் 8க்குப் பிறகு தயாராகும் ஒயினுக்குச் சேர்மானப் பட்டியல் வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டது. அதையும் புட்டியில் எழுத வேண்டாம், ஒரு க்யூஆர் கட்டத்துக்குப் பின்னால் ஒளித்துவைக்கலாம். தெளிவூட்டப் போட்ட பொருள் சேர்மானமே இல்லை என்பதால் பட்டியலில் வராது. முட்டைக்கும் பாலுக்கும் மட்டும் விதிவிலக்கு. ஒவ்வாமை இருப்பவர்களுக்காக, மிச்சம் மீதி இருந்தால் சொல்லியாக வேண்டும். மீன் நெட்டிக்கு அந்தக் கட்டாயமும் கிடையாது. நம்மூர் லட்சணம் இன்னும் அழகு. பிஸ்கட்டில் பச்சைப் புள்ளி தேடுகிறோம். மது புட்டியை அந்தப் புள்ளி விதியிலிருந்தே விலக்கி வைத்திருக்கிறார்கள், குடிப்பவனுக்குச் சைவம் எதற்கு என்று நினைத்தார்களோ என்னவோ.

அவள் கடையில் எப்படித் தேறினாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெண் இருக்கலாம். வீகன் சொசைட்டியின் சூரியகாந்தி முத்திரையோ, 'வீகன்' என்று எழுதிய ஐரோப்பிய 'வி' முத்திரையோ இருந்தால் பயமில்லை. முத்திரை இல்லாவிட்டால் பின்பக்க லேபிளில் 'அன்ஃபைண்டு' என்று இருக்கிறதா பார்க்க வேண்டும். எதையும் ஊற்றித் தெளியவைக்கவில்லை என்று பொருள். 'அன்ஃபில்டர்டு' என்பது வேறு, வடிகட்டவில்லை என்று மட்டுமே சொல்கிறது. நெட்டியைப் போட்டுவிட்டு வடிகட்டாமல் விட்டிருக்கலாம். 'ஆர்கானிக்' என்று எழுதியிருந்தாலும் ஏமாறக்கூடாது, அந்த விதிகளில் முட்டைக்கும் மீனுக்கும் இடம் உண்டு. 'பயோடைனமிக்' என்றால் இன்னும் வேடிக்கை. 1924இல் ருடால்ஃப் ஸ்டைனர் சொன்னபடி, மாட்டுக் கொம்பில் சாணத்தை அடைத்துப் புதைத்து, எடுத்து, கரைத்து நிலத்தில் தெளிப்பார்கள். புட்டிக்குள் வீகன், கொடிக்காலில் மாட்டுக்கொம்பு! எதுவுமே புரியாவிட்டால் தயாரித்தவனுக்கே எழுதிக் கேட்கலாம்; இப்படிக் கேட்டுக் கேட்டுத் தொகுத்த 'பார்னிவோர்' பட்டியலும் இருக்கிறது. டப்ளினில் இருக்கும் கின்னஸ்காரர்களே பீப்பாய் பீரிலிருந்து மீன் நெட்டியைக் கைவிடப்போவதாக 2015இல் அறிவித்தார்கள்.

இந்தப் பத்தியில் நான் அடிக்கடி இழுத்துவரும் ராயில் இந்த இடத்தில் வராவிட்டால் என் கை நடுங்கும். ஆறு மாதமாக அவர் பெயரை எடுக்காமல் இருந்தேன் என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஜான் ஃபோர்ப்ஸ் ராயில்: கான்பூரில் பிறந்தவர், கம்பெனி மருத்துவர், சஹாரன்பூர் தாவரத் தோட்டத்தைக் கவனித்தவர், பிறகு லண்டன் கிங்ஸ் கல்லூரிப் பேராசிரியர். செடிகொடி ஆசாமி. அந்த மனிதர் 1842இல் இந்தியக் கடற்கரைகளில் ஐசிங்கிளாஸ் எடுப்பதைப் பற்றி மட்டும் ஒரு தனிப் புத்தகம் போட்டார். நெட்டிக்கு ஒரு புத்தகம்! இங்கிலாந்து நல்ல சரக்கை ரஷ்யாவிடம் காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தது. ரஷ்யர்கள் ஸ்டர்ஜன் மீனில் எடுப்பார்கள். அதற்கு முன்பே வில்லியம் மர்டாக், வாயு விளக்கு ஏற்றிக் காட்டிய அதே மர்டாக், காட் மீனில் மாற்றுச் சரக்கு செய்து லண்டன் பீர்க்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்திருந்தார். ராயில் கேட்டது எளிய கேள்வி: இந்தியக் கடலில் இத்தனை மீன் இருக்க ரஷ்யாவிடம் ஏன் போக வேண்டும்? என்னிடம் இருப்பது நகல் பிரதிதான், ஆனால் மழை நாளில் எடுத்து வைத்துக்கொண்டு படிப்பேன். பாம்பன் நெட்டியையும் லண்டன் பீப்பாயையும் சேர்த்துப் பார்க்க இந்தப் புத்தகம் கையில் இருந்தும் எனக்குத் தோன்றவில்லை, போனில் ஒரு பெண் சொல்ல வேண்டியிருந்தது.

கடைசியில் அவள் எடுத்த புட்டியில் எதைப் போட்டுத் தெளியவைத்தார்களாம், தெரியுமா? களிமண்.

பென்டோனைட் என்று பெயர். எரிமலைச் சாம்பல் காலப்போக்கில் மாறிக் களியானது. முகத்தில் பூசும் முல்தானி மட்டிக்கு நெருங்கிய சொந்தம். நம் கட்ச் பகுதியிலும் பார்மரிலும் வெட்டி எடுக்கிறார்கள். ஒயினில் மிதக்கும் புரதத்துக்கு நேர் மின்னேற்றம், களிக்கு எதிர் மின்னேற்றம். ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கனத்துக் கீழே இறங்கும். பட்டாணிப் புரதம், உருளைக்கிழங்குப் புரதம், கரித்தூள் போடுகிறவர்களும் உண்டு. எதையும் போடாமல் மாதக்கணக்கில் சும்மா விட்டாலும் பெரும்பகுதி தானே இறங்கிவிடும். அந்தக் கலங்கலைக் குடித்தாலும் உடம்புக்கு ஒன்றும் செய்யாது. கண்ணுக்கு அழகாக இருக்க வேண்டும், நாக்கில் துவர்ப்பு குறைய வேண்டும், சீக்கிரம் விற்க வேண்டும், அதற்குத்தான் மீனும் முட்டையும்.

மண்ணைப் போட்டுத் தெளியவைக்கிறான் என்று அவள் சொன்னதும் ஒயின் எனக்கு மறந்துபோனது. விருந்து எப்படி நடந்தது என்றுகூட இன்னும் கேட்கவில்லை.

முதுகுளத்தூர் பக்கம் எங்கள் ஊரில் குடிதண்ணீர் ஊருணியில்தான். பங்குனி பிறந்துவிட்டால் ஊருணி சுருங்கி, தண்ணீர் டீ நிறத்துக்கு வந்துவிடும். அப்பத்தா விடியுமுன்னே இரண்டு குடம் கொண்டுவந்து பெரிய மண்பானையில் ஊற்றும். ஊற்றுவதற்கு முன்னால் ஒரு வேலை உண்டு. மாடக்குழியில் நாலைந்து கொட்டை கிடக்கும். சட்டைப் பொத்தான் அளவு, தட்டையாக, வெளிறிய மஞ்சளில். தேத்தாங்கொட்டை. பானைக்குள் கையை விட்டு, உள்பக்கச் சொரசொரப்பில் அந்தக் கொட்டையை வட்டம் வட்டமாக உரசும். சந்தனம் இழைக்கிற மாதிரி ஒரு சத்தம். அதன்மேல் தண்ணீரை ஊற்றி மூடிவைத்துவிட்டால் மறுநாள் அடியில் ஒரு விரற்கடை வண்டல், மேலே தெளிவு. ஆட்டாமல் மோந்துகொள்ள வேண்டும். நான் செம்பை அழுத்திக் கலக்கிவிட்டு வாங்கிய அடி இன்னும் முதுகில் இருக்கிறது. வண்டல் முருங்கைக்குப் போகும். அந்த முருங்கையின் விதையை இடித்துப் போட்டுத்தான் சூடான் கிராமத்துப் பெண்கள் நைல் தண்ணீரைத் தெளியவைத்தார்கள் என்பதை ரொம்பக் காலம் கழித்துத்தான் படித்தேன்.

தேற்றா மரத்துக்கு உடன்பிறப்பு எட்டி. இரண்டும் ஒரே பேரினம். ஒன்று கொல்லும், இன்னொன்று தண்ணீரைத் தேற்றும். கலித்தொகையிலேயே கலங்கிய நீரைத் தேற்றும் இந்த விதை உவமையாக வருகிறது, அங்கே மரத்தின் பெயர் 'இல்லம்'. திருக்குவளைக் கோயிலில் தலமரமே தேற்றாதான். மீனவன் நெட்டியை அறுத்த அதே மாவட்டத்தில், முட்டையும் பாலும் மீனும் இல்லாத தெளிவூட்டி ஒன்று எங்கள் மாடக்குழியில் கிடந்திருக்கிறது.

அது எங்கே போயிற்று என்றுதான் கேட்கிறீர்கள். என் வீட்டுச் சுவரில் தொங்குகிறதே, அது விழுங்கிவிட்டது. ஆர்.ஓ. கருவிக்கும் எனக்கும் பழைய பகை. ஒரு குடம் கொடுக்க இரண்டு குடத்தைச் சாக்கடைக்கு அனுப்புகிறது. தண்ணீரிலிருந்து அழுக்கை மட்டும் எடுக்கச் சொன்னால் ருசியையும் எடுத்துவிடுகிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு பையன் வந்து எதையோ கழற்றிவிட்டு எதையோ மாட்டி, ரசீது கொடுத்துவிட்டுப் போகிறான். உப்புத் தண்ணீர்தான் விதி என்றாகிவிட்ட தெருக்களில் வேறு வழியில்லை, ஒப்புக்கொள்கிறேன். தேத்தாங்கொட்டை உப்பை எடுக்காது, கிருமியைக் கொன்றும் தராது. காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். இதைச் சொல்லாவிட்டால் ஒரு மருத்துவர் வாசகர் திங்கட்கிழமையே கடிதம் போட்டுவிடுவார்.

செவ்வாய்க்கிழமை மதுரை கீழமாசி வீதியில் ஒரு நாட்டுமருந்துக் கடைக்குப் போனேன். கொட்டை இருந்தது.

"லேகியத்துக்கா சார்? ஒடம்பு தேறவா?"

"தண்ணி தெளிய வைக்க."

கடைக்காரர் தராசிலிருந்து தலையை நிமிர்த்திப் பார்த்தார். "தண்ணிக்கா?"

வீட்டுக்கு வந்தால் புதுச் சிக்கல். கலங்கல் தண்ணீர் கிடைக்கவில்லை. மாடி வீட்டில் கலங்கலுக்கு எங்கே போவது? ரோஜாத் தொட்டியில் இருந்து இரண்டு பிடி செம்மண் எடுத்து நல்ல தண்ணீரில் கலக்கினேன். "என்னங்க, இருக்கிற தண்ணியக் கெடுத்து நல்லாக்கப் போறீங்களா?" என்றாள் மனைவி. புதுப் பானையில் கொட்டையை உரசி ஊற்றினேன். காலையில் பார்த்தால் தெளிந்திருந்தது, ஆனால் அப்பத்தாவின் பானையளவு இல்லை. லேசாக ஒரு மங்கல் நின்றது. உரசியது போதவில்லையா, கொட்டை வருடக்கணக்கில் டப்பாவில் கிடந்ததா தெரியவில்லை. காய்ச்சிக் குடித்தேன். மண் வாசனை இருந்தது.

லண்டனுக்குப் படம் அனுப்பினேன். "எனக்குப் பத்துக் கொட்டை வேணும் மாமா" என்று பதில் வந்திருக்கிறது. லேகியக் கொட்டையை அனுப்ப மனம் வரவில்லை. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் தேத்தா மரம் இன்னும் நிற்கிற ஊர் உங்களுக்குத் தெரிந்தால், எந்த ஊர், எந்த மாதம் கொட்டை பொறுக்கலாம் என்று பத்திரிகை முகவரிக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். நான் பஸ் ஏறி வந்துவிடுகிறேன்.