சிறையிருந்த போதகர்களை மறக்கலாமா?

ஞாயிறு தவறாமல் ஆலயம் செல்பவன் நான். பள்ளியில் வரலாறு கற்பித்தவன். அமெரிக்கா கிறிஸ்தவ நாடாகவே நிறுவப்பட்டது என்று சபை நண்பர்கள் சொல்லும்போது என்னால் ஆமோதிக்க முடிவதில்லை.

1787-இல் எழுதப்பட்ட அரசியல் சாசனத்தில் இயேசுவின் பெயர் இல்லை. அரசுப் பதவிக்கு மதத் தகுதி கேட்கவே கூடாது என்கிறது ஆறாவது பிரிவு. அமெரிக்க அரசு கிறிஸ்தவ மதத்தின்மேல் நிறுவப்பட்டதல்ல என்று சொன்ன வட ஆப்பிரிக்கத் திரிப்போலியுடனான உடன்படிக்கையை 1797-இல் செனட் ஒருமனதாக ஏற்றது. அதிபர் ஜான் ஆடம்ஸ் கையெழுத்திட்டார். அன்றைய மக்களில் பெரும்பாலோர் புராட்டஸ்டன்ட்கள் என்பது உண்மைதான். மாசசூசெட்ஸில் 1833 வரை சபைக்காக வரியும் இருந்தது.

ஆனால் என் மனம் போய் நிற்பது வர்ஜீனியாவில். அமெரிக்க விடுதலைக்கு முன் அங்கே ஆங்கிலிக்கன் சபையே அரசு சபை. உரிமமின்றிப் பிரசங்கித்த பாப்டிஸ்ட் போதகர்களைச் சிறையில் தள்ளினார்கள். ஜேம்ஸ் அயர்லாந்து, கல்பெப்பர் சிறையின் கம்பிகளுக்குப் பின்னால் நின்றும் பிரசங்கித்தார். இந்தக் கொடுமையைக் கண்டு கொதித்த இளைஞர் ஜேம்ஸ் மாடிசன், 1774-இல் நண்பருக்கு அதைப் பற்றி எழுதினார். ஜெஃபர்சன் வரைந்த மதச் சுதந்திரச் சட்டத்தை 1786-இல் நிறைவேற்றிக் காட்டியவரும் அவரே. அதற்காக மனுக்களில் கையெழுத்துத் திரட்டியவர்களில் அந்தப் பாப்டிஸ்ட்கள் முன்னால் நின்றார்கள்.

அரசின் பிடியிலிருந்து விசுவாசத்தை மீட்டவர்கள் விசுவாசிகள். சபை நண்பர்களே, அவர்கள் எல்லா மதத்தாருக்கும் வாங்கித் தந்த உரிமையை நமக்கு மட்டுமான பட்டாவாக்காதீர்கள்.