பத்மினிக்கு அஞ்சலி வேண்டாம்

ஃபியட் காரைப் பற்றி இனி யாரும் கண்ணீர்க் கட்டுரை எழுத வேண்டாம் என்று எடுத்த எடுப்பிலேயே கேட்டுக்கொள்கிறோம். 2023 அக்டோபர் இறுதியில் மும்பையின் கடைசி பிரிமியர் பத்மினி டாக்சி ஓய்வுபெற்றபோது தொடங்கிய ஒப்பாரி இன்னும் ஓயவில்லை. 2003 அக்டோபர் 29 அன்று பதிவான அந்த வண்டி, அந்நகரில் டாக்சிகளுக்கு விதிக்கப்பட்டிருந்த 20 ஆண்டு வரம்பை எட்டியது, விலகியது. செய்தி அவ்வளவுதான். நம் இலக்கிய நண்பர்களோ அப்பாவின் வியர்வை மணம், பின்னிருக்கையில் உறங்கிப்போன பால்யம், மழைநாளில் கண்ணாடி வழியே பார்த்த ஊர் என்று எழுதித் தள்ளினார்கள். எழுதியவர்களில் எத்தனை பேர் அந்தக் காரின் பானெட்டைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்திருப்பார்கள் என்பது நமக்குள்ள நியாயமான ஐயம்.

நமது ஆட்சேபம் எளியது. மும்பை டாக்சிகள் போய்விட்டன என்பதால் பத்மினி செத்துவிடவில்லை. தமிழ்நாட்டின் சிற்றூர்களில், குறிப்பாக மலையடிவாரங்களில், அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடுகிற ஒன்றுக்கு இரங்கற்பா எழுதுவது, அதை ஓட வைத்துக்கொண்டிருக்கும் கைகளை இல்லாதவையாக்கும் காரியம்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். வால்சந்த் ஹீராசந்த் 1944இல் தொடங்கிய பிரிமியர் ஆட்டோமொபைல்ஸ், மும்பை குர்லாவில் இத்தாலிய ஃபியட்டின் உரிமம் பெற்றுக் கார்களைக் கட்டியது. 1953இல் இத்தாலியில் வெளிவந்த 1100, அதாவது அவர்கள் நாவில் மில்லெசென்டோ, அடுத்த ஆண்டே இங்கே வந்தது. 1964இல் 1100டி. எழுபதுகளின் முற்பகுதியில் சிறிது காலம் பிரிமியர் பிரசிடெண்ட் என்று பெயர் தாங்கி, 1974இல் பத்மினியானது. சித்தூர் ராணியின் பெயர் என்பார்கள். தமிழனுக்கு நினைவு வருகிறவர் வேறு பத்மினி. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்ததும் இறங்குமுகம் தொடங்கி, நூற்றாண்டின் திருப்பத்தில் உற்பத்தி நின்றது. 1089 சிசி எஞ்சின், நாற்பது சொச்சம் குதிரைத் திறன், ஸ்டியரிங் தண்டில் கியர், நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். நடுவில் கியர்க் கம்பி இல்லாததால் முன்சீட்டில் மூன்று பேர் உட்காரலாம். நாம் ஐந்து பேர் உட்கார்ந்தும் பார்த்திருக்கிறோம்.

இத்தாலியர்கள் கிரான் டூரிஸ்மோ என்றொரு வகை வைத்திருக்கிறார்கள். நெடும்பயணத்தை வேகமாகவும் சுகமாகவும் செய்வதற்கான கார். மசராட்டி, ஃபெராரி, லான்சியா என்று பெரிய குலங்கள். நமது 1100 அந்தக் குலத்தில் பிறந்ததல்ல. ஆனாலும் 1953லேயே டூரிஸ்மோ வெலோசே என்ற பெயரில் இதற்கொரு வேகமான உடன்பிறப்பு இருந்தது. நம்மூர்ச் சோழவரம் பந்தயத் தளத்திலும் முடுக்கிவிடப்பட்ட ஃபியட்டுகள் பல்லாண்டு சீறியிருக்கின்றன. அதைவிட முக்கியம், அரை நூற்றாண்டுக் காலம் தமிழ் நடுத்தரக் குடும்பம் தெரிந்து வைத்திருந்த நெடும்பயணம் இந்த வண்டியில்தான் நிகழ்ந்தது. எட்டுப் பேர், ஒரு கூஜா, புளிசோற்றுத் தூக்கு, மேலே கட்டிய படுக்கை. மதுரை, இராமேசுவரம், பழனி, அப்படியே மலையேறிக் கொடைக்கானல். அந்தப் பயணத்தின் கடைசிப் பகுதியில் இருப்பதுதான் பெருமாள்மலை.

பெருமாள்மலையைச் சுற்றுலாப் பயணிகள் ஊராகப் பார்ப்பதில்லை. வத்தலக்குண்டிலிருந்து ஏறிவரும் சாலையும் பழனியிலிருந்து வடகவுஞ்சி வழியாக வரும் சாலையும் சேருமிடம். தேநீர் குடித்துவிட்டுப் போகிற இடம். பழைய கார் வைத்திருப்பவருக்கு அது ஒரு பரீட்சைக்கூடம். சமவெளியிலிருந்து கொடைக்கானலின் சுமார் 2,100 மீட்டர் உயரத்துக்கு ஏறும் வண்டியின் எல்லாப் பொய்களும் அந்தச் சந்திப்புக்கு வருவதற்குள் வெளிப்பட்டுவிடும். ஒவ்வோர் ஆயிரம் மீட்டருக்கும் எஞ்சினின் பலத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு போய்விடும். காற்று மெலிய மெலிய, சமவெளிக்கு அளவெடுத்த கார்புரேட்டர் தேவைக்கு மேல் பெட்ரோலைக் கொட்டும், பிளக் கரிபிடிக்கும், பின்னால் கரும்புகை வரும். பின்னால் வருகிறவர் 'கிழட்டு வண்டி' என்று திட்டுவார். கிழத்தனம் மட்டுமல்ல ஐயா காரணம், உயரமும்தான். கொடைக்கானல் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். எனவே ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால், அந்தச் சின்ன மூடி ஒன்றே ஆளைக் கவிழ்த்துவிடும். இந்த எஞ்சினின் ஹெட் அலுமினியம். ஒருமுறை நன்றாகச் சூடேறினால் வளைந்துவிடும்; ஹெட் கேஸ்கெட் போய்விடும்; அப்புறம் லேத் பட்டறைதான்.

நாம் நால்வர் சேர்ந்து வாங்கிய 1987ஆம் ஆண்டுப் பத்மினி, முதல் ஏற்றத்திலேயே பெருமாள்மலைக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டது. ஆவி பறக்கவில்லை, சத்தம் இல்லை, இருமிவிட்டு நின்றது. நாம் நமக்குத் தெரிந்த ஒரே சிகிச்சையாக அதைத் தள்ளினோம். சந்திப்பிலிருந்து ஒரு மெக்கானிக் நடந்தே வந்தார். அறுபதைத் தாண்டியவர். பானெட்டைத் திறந்து பெட்ரோல் பம்ப்மீது கை வைத்தவர், "தள்ளாதீங்க சார், அது மூச்சு வாங்குது" என்றார். ஒரு பழைய வேட்டித் துண்டைத் தண்ணீரில் நனைத்துப் பம்பைச் சுற்றிக் கட்டினார். கால் மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பச் சொன்னார். எஞ்சின் சூட்டில் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகி வழியை அடைத்துக்கொண்டது என்பதும், ஈரத்துணி அதற்குப் பழைய வைத்தியம் என்பதும் பிறகுதான் நமக்குத் தெரிந்தது. அவர் வாங்கிக்கொண்டது ஒரு தேநீர்.

நாம் சொல்ல வந்த பொருள் இங்கேதான் இருக்கிறது. அன்று அந்தக் காரை ஓட வைத்தது நம் நினைவேக்கம் அல்ல, ஒருவர் கையில் இருந்த அறிவு. பாயிண்ட் இடைவெளியைக் கண்ணால் பார்த்து அவர் சரிசெய்வார். நம் திருப்திக்காக ஒரு விசிட்டிங் கார்டின் ஓரத்தை நுழைத்தும் காட்டுவார். மலைக்கு ஒரு ட்யூனிங், கீழே இறங்கினால் வேறு ட்யூனிங் என்று திருகாணியை எத்தனை சுற்றுத் திருப்ப வேண்டும் என்பது அவர் விரலில் இருக்கிறது. எந்தப் புத்தகத்திலும் இல்லாத இந்த அறிவு அவரோடு முடியப்போகிறது. அவரிடம் தொழில் கற்க ஆளில்லை. சிறுபத்திரிகைகளில் வட்டார வழக்குச் சொல்லகராதிக்குக் குரல் கொடுக்கும் நாம், ஒரு கைத்தொழிலின் சொற்களும் அசைவுகளும் நம் கண்முன்னே அழிவதைக் கவனிக்காமல் காரின் குரோமியப் பளபளப்பை வருணித்துக்கொண்டிருக்கிறோம். 2014இல் வந்த 'பண்ணையாரும் பத்மினியும்' படத்தை எல்லோரும் கொண்டாடினார்கள், நாமும் ரசித்தோம். பண்ணையாரின் காதலைப் பேசியவர்கள், அவர் ஓட்டக் கற்றுக்கொண்டால் தன் பிழைப்பு போய்விடுமே என்ற டிரைவரின் அச்சத்தைப் பேசவில்லை. அந்தப் படத்தில் உண்மையாகப் பணயத்தில் இருந்தது அதுதான் என்பது நம் கருத்து.

இனி அரசு. 2021இல் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கெனத் தனி விதி வகுத்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த கார் 'விண்டேஜ்' என்று பதிவு செய்துகொள்ளலாம். கட்டணம் 20,000 ரூபாய். எண் பலகையில் விஏ என்ற எழுத்துகள் வரும். நல்லதுதானே என்று தோன்றும். அப்படிப் பதிவான காரை அன்றாடம் சாலையில் ஓட்டக் கூடாது. கண்காட்சி, ஆராய்ச்சி, பழங்கார் ஊர்வலம், பெட்ரோல் போடுதல், பழுதுபார்த்தல் ஆகியவற்றுக்கு மட்டும் வெளியே எடுக்கலாம். 1974இல் பதிவான பத்மினி 2024இல் இந்த மரியாதைக்குத் தகுதிபெற்றுவிட்டது. மரியாதை வேண்டாம், சந்தைக்குப் போய் மலைப்பூண்டு வாங்கி வந்தால் போதும் என்றிருப்பவர் சாதாரணப் பதிவைப் புதுப்பித்தாக வேண்டும். அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலுக்கு முன் 600 ரூபாய், பின்னர் 5,000, 2025 ஆகஸ்டு முதல், 20 ஆண்டு தாண்டிய கார்களுக்கு 10,000. இறக்குமதிக் காருக்கு 80,000. நமது இத்தாலியப் பெண் குர்லாவில் பிறந்தவள் என்பதால் இந்தக் கடைசிச் சுமையிலிருந்து தப்பினாள்.

இந்தக் கட்டணம் யாரைத் தொடும் என்று பாருங்கள். குளிரூட்டிய கொட்டகையில் பன்னிரண்டு கார் நிறுத்தியிருக்கும் சேகரிப்பாளருக்கு 10,000 ரூபாய் ஒரு டயர்க் காசு. பண்ணைக்காட்டில் காப்பியும் வாழையும் வைத்துக்கொண்டு, அப்பா வாங்கிய ஃபியட்டில் உர மூட்டை ஏற்றுகிறவருக்கு அது அந்த ஆண்டின் பழுதுபார்ப்புச் செலவு முழுவதும். ஓட்டாமல் வைத்திருப்பவருக்குப் பட்டயம், ஓட்டிப் பிழைப்பவருக்குத் தண்டம் என்பதைத் தவிர இந்த ஏற்பாட்டுக்கு வேறு பொருள் நமக்குப் புலப்படவில்லை. கண்ணீர்க் கட்டுரையாளர்களும் சட்டமும் கைகோப்பது இந்த இடத்தில்தான்: இருவருக்குமே கார் அசையாமல் நின்றால் நல்லது.

நம் எதிர்த்தரப்பு ஒன்றும் வெறுங்கையோடு நிற்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். பழைய காரின் புகை கெடுதல். கரிவாயுவை வடிகட்டும் கருவி இதில் கிடையாது. காற்றுப்பை இல்லை. டிரம் பிரேக் இறக்கத்தில் சூடேறி வலுவிழக்கும் என்பது உயிர் தொடர்பான விஷயம். இரண்டாம் கியரில் இறங்கத் தெரியாதவர் இந்தக் காரை மலைக்குக் கொண்டுவரவே கூடாது. எனவே தகுதிச் சோதனையைக் கடுமையாக்குங்கள் என்கிறோம். பிரேக்கைச் சோதியுங்கள், புகையை அளவிடுங்கள், தோற்றால் ஓட விடாதீர்கள். தேறியபின் வயதுக்காக அபராதம் எதற்கு? மலையின் காற்றுக்கு எது பாரம் என்பதை நீதிமன்றமே கண்டுகொண்டிருக்கிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் நாளொன்றுக்கு 4,000 வாகனம், வார இறுதியில் 6,000 என்று உச்சவரம்பு விதிக்கப்பட்டது. அந்த ஆயிரங்களில் பத்மினிகள் எத்தனை இருந்துவிடப் போகின்றன? பெருமாள்மலைக்கும் வெள்ளி நீர்வீழ்ச்சிக்கும் இடையே வரிசையாக நின்று உறுமுபவை எல்லாம் நேற்று வாங்கிய வண்டிகள். அந்த நெரிசலில் முதலில் சூடேறுவது நம்முடையது என்பது வேறு கதை. பெல்ட்டில் சுழலும் அதன் விசிறி, எஞ்சின் மெதுவானால் தானும் மெதுவாகிவிடும்.

பெட்ரோலும் நமக்கு எதிரி. ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரியோடு நாடெங்கும் நின்றது, அது நல்லதற்கே. இப்போது 20 விழுக்காடு எத்தனால் கலந்து வருகிறது. பழைய ரப்பர்க் குழாயும் பம்பின் டயாபிரமும் அதில் ஊறி உப்பி வெடிக்கின்றன. எத்தனாலுக்குத் தாங்கும் குழாயாகப் பார்த்து மாற்றியாக வேண்டும். ஒரிஜினல் உதிரிபாகம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் தூய்மைவாதிகள் நடுரோட்டில் நிற்கட்டும்.

இதையெல்லாம் படித்தும் வாங்கியே தீருவேன் என்பவருக்குச் சில சொற்கள். பெயிண்டைப் பார்க்காதீர்கள். மிதியடியைத் தூக்கித் தரைத் தகட்டைப் பாருங்கள். ஸ்குரூடிரைவர் உள்ளே போனால் வந்த வழி திரும்புங்கள். ரேடியேட்டர் நீரில் எண்ணெய் மிதக்கிறதா, எஞ்சின் ஆயிலில் பால் கலந்த நிறம் இருக்கிறதா என்று பாருங்கள். முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி ஆட்டிக் கிங்பின்னைச் சோதியுங்கள். ஆர்சி புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறது, அவர் உயிரோடு இருக்கிறாரா என்று விசாரியுங்கள். நமக்கு இந்த இரண்டாவது கேள்வி தோன்றாததால் ஒரு வாரிசுச் சான்றிதழுக்காக ஏழு மாதம் அலைந்தோம். வாங்கிய விலையைவிட முதலாண்டில் கூடுதலாகச் செலவழித்தோம் என்பதையும் மறைக்கவில்லை.

லால் பகதூர் சாஸ்திரி பிரதமராக இருந்தபோது 12,000 ரூபாய்க்கு ஒரு ஃபியட் வாங்கினார். 5,000 ரூபாய் வங்கிக் கடன். 1966இல் அவர் தாஷ்கண்டில் இறந்தபின் மனைவி லலிதா சாஸ்திரி தம் ஓய்வூதியத்திலிருந்து அந்தக் கடனை அடைத்தார். கார் இன்று தில்லி நினைவில்லத்தில் நிற்கிறது. பார்க்கப் போகிறவர்கள் அதன் எளிமையைப் புகழ்கிறார்கள். நமக்கு அந்தக் கதையில் கண்ணில் படுவது மாதாமாதம் கடன் கட்டிய அம்மையாரின் கை. காரைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்தக் கையைப் பற்றியும், ஈரத்துணி கட்டிய கையைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதிவிட்டு, பிறகு தங்கள் பால்யத்துக்கு வரட்டும்.

இப்போது நம் வண்டியில் ஸ்டியரிங் கியரின் புஷ் தேய்ந்து, இரண்டாம் கியர் சில வேளை விழ மறுக்கிறது. அந்தக் கியர் இல்லாமல் மலையிறங்க முடியாது. பெருமாள்மலையில் பட்டறை வாசலில் வண்டி மூன்று வாரமாக நிற்கிறது. சென்னைப் புதுப்பேட்டையிலோ கோவை உக்கடத்திலோ பழைய சாமான் கடைகளில் அந்தப் புஷ் யார் கண்ணிலாவது பட்டால் இரண்டு செட் வாங்கி வையுங்கள். பணத்தைக் கொடுத்து வாங்கிக்கொள்கிறோம். ஒரு செட் நமக்கு. இன்னொன்று, அதே நோயோடு பக்கத்தில் நிற்கும் பூண்டு வியாபாரியின் வெள்ளை ஃபியட்டுக்கு.