பைக்கில் போனால் மேப் ஏன் ஊரைச் சுத்த வைக்குது? நீலக்கோட்டுக்குப் பின்னால் நடப்பது என்ன?

போக வேண்டிய கடை எதிரே தெரிகிறது. பெயர்ப்பலகையைக்கூடப் படிக்க முடிகிறது. ஆனால் ஹேண்டில்பாரில் மாட்டிய போன் "நேராகச் செல்லவும்" என்கிறது. தள்ளிப் போய், யூ-டர்ன் எடுத்து, அதே தூரம் திரும்பி வரணும். சென்னை ஓ.எம்.ஆரில் டெலிவரி பைக் ஓட்டுபவர்களுக்கு இது தினசரி கதை.

இதில் மேப் மேல் தப்பு இல்லை. சாலை நடுவில் தடுப்பு இருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் இன்னொரு வகைச் சுற்றல் இருக்கு. மெயின் ரோட்டில் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும்போது திடீரென்று ஒரு சந்துக்குள் திரும்பச் சொல்லும். சந்து முனையில் திரும்பி, மறுபடி அதே மெயின் ரோட்டுக்கு வரச் சொல்லும். இது ஏன்?

மேப் சாலையைப் பார்ப்பதே இல்லை

நமக்குத் தெரியும் தார் ரோடு, மேப் செயலிக்குப் புள்ளிகளும் கோடுகளும்தான். ஒவ்வொரு சந்திப்பும் ஒரு புள்ளி. இரண்டு சந்திப்புக்கு நடுவே உள்ள சாலை ஒரு கோடு. அதைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பது அந்தக் கோட்டின் 'விலை'. மொத்த விலை எந்த வழியில் குறைவோ, அதுதான் திரையில் நீலக்கோடு.

இந்தக் கணக்கின் அடிப்படையை நெதர்லாந்து கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1956-ல் யோசித்து, 1959-ல் வெளியிட்டார். இன்றைய செயலிகள் அதன் வேகமான வாரிசுகளைப் பயன்படுத்துகின்றன. கணக்கு தப்பாவது அபூர்வம். கணக்குக்குள் போகும் தகவல்தான் தப்பாகிறது.

முதல் குற்றவாளி, 'பின்'

நாம் வைக்கும் பின் சாலை மேலேயே விழும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அது எங்கே விழுந்தாலும், பக்கத்தில் இருக்கும் ஏதாவது ஒரு சாலையோடு செயலி அதை ஒட்டிவிடும். அடுக்குமாடிக் குடியிருப்பின் நடுவில் பின் விழுந்தால், கேட்டே இல்லாத பின்பக்கச் சந்து 'அருகில்' என்று கணக்காகலாம். தடுப்புள்ள சாலையில் பின் சில மீட்டர் அந்தப் பக்கம் விழுந்தால் போச்சு, எதிர்த்திசைக்குப் போய்த்தான் வரணும்.

நீண்ட பயணத்துக்கு நடுநடுவே நிறுத்தங்கள் வைத்துத் திட்டமிடும் பைக்கர்களுக்கு இந்தத் தொல்லை இன்னும் அதிகம். சின்னத் திரையில் விரலால் வைத்த புள்ளி, நெடுஞ்சாலையை விட்டு 20 மீட்டர் தள்ளி ஒரு கிராமத்துத் தெருவில் உட்கார்ந்துவிடும். 'இந்த வழியாகப் போகணும்' என்றுதான் நாம் நினைத்தோம். 'இந்த இடத்தைத் தொட்டே ஆகணும்' என்று செயலி புரிந்துகொள்கிறது. உள்ளே போய், தொட்டு, திரும்பு. ஒரு செயலியில் போட்ட வழியை இன்னொன்றுக்கு மாற்றும்போது புள்ளிகள் மட்டும் போய், புதிய செயலி தன்னிடம் உள்ள வரைபடத்தில் மறுபடி கணக்குப் போட்டால், வழியே மாறிப் போகவும் வாய்ப்பு உண்டு.

கிண்டி கத்திப்பாரா போன்ற இடங்களில் சிக்கல் வேறு மாதிரி. மேலே பாலம், கீழே சாலை. நீங்கள் எந்த அடுக்கில் இருக்கிறீர்கள் என்பதை போனால் எப்போதும் சரியாகப் பிரித்தறிய முடியாது. மேலே போகும் வண்டிக்குக் கீழே உள்ள திருப்பத்தைச் சொல்லிக் குழப்பும்.

டோல் கட்டாத வண்டிக்கு எதற்கு டோல் தவிர்ப்பு?

காரில் போனபோது 'டோல் சாலைகளைத் தவிர்' என்று வைத்த செட்டிங், அப்படியே கிடக்கும். தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் பைக்குக்குக் கட்டணமே கிடையாது. ஆனாலும் கார் மோடில் அந்த செட்டிங்கோடு கிளம்பினால், செங்கல்பட்டு தாண்டி திண்டிவனம் போக வேண்டியவர் ஊர் ஊராகச் சுற்ற நேரிடும். இதைச் சரிசெய்ய அரை நிமிஷம் போதும். பலரும் எட்டிப் பார்க்காத இடம் இந்த செட்டிங்ஸ்தான்.

கூகுள் மேப்ஸ் இருசக்கர வாகனத்துக்குத் தனி மோடை 2017 டிசம்பரில் இந்தியாவில்தான் அறிமுகம் செய்தது. அதைத் தேர்ந்தெடுப்பது சும்மா குறுக்குச் சந்துக்காக மட்டும் இல்லை. பெங்களூரு - மைசூரு விரைவுச்சாலையின் பிரதானப் பாதையில் 2023 ஆகஸ்ட் 1 முதல் பைக், ஆட்டோவுக்குத் தடை. மும்பையின் பாந்த்ரா - வொர்லி கடல் பாலத்திலும் அடல் சேதுவிலும் பைக் போக முடியாது. கார் மோடு இந்தத் தடைகளைக் கணக்கில் எடுக்காது, நேராக அங்கேயே கொண்டுபோய் நிறுத்தும்.

சுற்றுவழிதான் சரி என்றால்?

ஊட்டியிலிருந்து மசினகுடிக்குக் கல்லட்டி மலைப்பாதைதான் கிட்ட. 36 கொண்டை ஊசி வளைவுகள், செங்குத்தான இறக்கம். விபத்துகளுக்குப் பிறகு வெளியூர் வாகனங்கள் அந்த வழியில் இறங்கக் கட்டுப்பாடு இருக்கிறது. ஆகவே கூடலூர் சுற்றிப் போகும் நீளமான கோடுதான் சரியான வழி. அதற்கு அப்பால் பந்திப்பூர் காட்டுச் சாலையில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 வரை போக்குவரத்துத் தடை உண்டு. ராத்திரி கிளம்பத் திட்டமிடுபவர்கள் கோட்டை மட்டும் பார்க்காமல் கடிகாரத்தையும் பார்க்கணும்.

வரைபடத்துக்கு ஒரு தகவல் போய்ச் சேராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி அருகே நடந்ததே சாட்சி. வெள்ளத்தில் ஒரு பகுதி அடித்துச் செல்லப்பட்ட பாலத்திலிருந்து கார் ராமகங்கை ஆற்றில் விழுந்து 3 பேர் இறந்தனர். அவர்கள் மேப் காட்டிய வழியில் வந்ததாகக் கூறப்பட்டது.

இரண்டு கிலோமீட்டருக்கு என்ன விலை?

சுற்றும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பெட்ரோல் டெலிவரி ஊழியரின் பையிலிருந்துதான் போகிறது. மேலே நேரக் கெடு வேறு. அந்த அவசரத்தில்தான் 'கொஞ்ச தூரம்தானே' என்று ராங் சைடில் வண்டி திரும்புகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவு, எதிர்த்திசையில் ஓட்டுவதை ஆபத்தான ஓட்டுதல் என்றே சொல்கிறது. முதல் முறை சிக்கினால் 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மேப் சுத்தவிட்டது என்ற காரணம் அங்கே எடுபடாது.

ஆர்டர் போடுபவர் கையிலும் ஒரு வேலை இருக்கிறது. முகவரி சேர்க்கும் பக்கத்தில் மேப்பைப் பெரிதாக்கி, பின்னைக் கட்டடத்தின் நடுவிலிருந்து இழுத்து, வண்டி வந்து நிற்கும் கேட்டுக்கு நேரே வைத்தால் போதும். ஒரு முறை சேமித்துவிட்டால் அடுத்த ஆர்டருக்கும் அதே இடம்தான்.