குழுத் திட்டப்பணியை உண்மையான பயிற்சியாக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
செயற்குழுவினர்,
பெற்றோர் மற்றும் முன்னாள் மாணவர் சங்கம்,
புவனகிரி, கடலூர் மாவட்டம்.

பெறுநர்:
அரசு முதன்மைச் செயலாளர் அவர்கள்,
உயர்கல்வித் துறை, தலைமைச் செயலகம்,
சென்னை - 600 009.

பொருள்: கணினி அறிவியல், தகவல் தொழில்நுட்ப மாணவர்களின் குழுத் திட்டப்பணி விலைக்கு வாங்கப்படுவதைத் தடுத்து, இரண்டாம் ஆண்டு முதலே முறையாக நடத்தக் கோருதல் தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

எங்கள் சங்க உறுப்பினர் ஒருவர் தம் மகனின் இறுதியாண்டு ப்ராஜெக்ட் அறிக்கையைக் கூட்டத்துக்குக் கொண்டுவந்தார். கறுப்பு அட்டை, தங்க எழுத்து, நான்கு பேரின் பெயர்கள். புரட்டிக்கொண்டே போனால் 34-ஆம் பக்கத்தில் வேறொரு மாவட்டத்துக் கல்லூரியின் பெயர் அழிக்கப்படாமல் இருந்தது. ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கியது. அந்தக் காசு தாயின் கம்மலை அடகு வைத்துக் கிடைத்தது. வைவாவில் அந்தப் பக்கத்தை யாரும் திறக்கவில்லை. நால்வருக்கும் ஒரே மதிப்பெண். கல்லூரியின் பெயரை நாங்கள் இங்கே எழுதவில்லை. ஒரு கல்லூரியோடு நிற்கிற நோயாக இதை நாங்கள் கருதவில்லை.

அந்தப் பையனை மட்டும் குற்றம் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. மூன்றரை ஆண்டு தனியாகப் படித்துத் தனியாகத் தேர்வு எழுதியவனிடம், கடைசி அரையாண்டில் நாலு பேரோடு சேர்ந்து ஒரு மென்பொருள் செய் என்றால் அவன் எங்கே போவான்? கடைக்குத்தான் போவான்.

மென்பொருள் பொறியியல் என்ற பெயர் பரவியதே கூட்டு வேலையில் பட்ட அடியால்தான். பெரிய மென்பொருள்கள் குறித்த காலத்தில் முடியாமலும் பிழை மலிந்தும் போவதைப் பற்றிப் பேசத்தான் 1968 அக்டோபரில் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ அமைப்பு மாநாடு கூட்டியது. ஐபிஎம் நிறுவனத்தின் ஓஎஸ்/360 இயங்குதளப் பணியை நடத்திய பிரெடரிக் புரூக்ஸ், தாமதமான வேலையில் புதிதாக ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று 1975-இல் எழுதினார். நம் பிள்ளைகள் இதை இரண்டு மதிப்பெண் விடையாக மனப்பாடம் செய்கிறார்கள். பட்டுத் தெரிந்துகொள்ள வாய்ப்பில்லை.

வாய்ப்புக் கொடுத்தால் என்ன நடக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தோம். சென்ற கோடை விடுமுறையில் எங்கள் ஊர் மாணவர்கள் ஐந்து பேர் ஓர் உரக்கடைக்கு இருப்புக் கணக்கு மென்பொருள் எழுத முன்வந்தார்கள். பத்து நாளில் முடித்துக் காட்டினார்கள். கடைக்காரர் பார்த்துவிட்டு, "தம்பி, நான் மூட்டையா மட்டுமா விக்கிறேன்? பிரிச்சுக் கிலோவாவும் குடுப்பேனே, அது எங்க?" என்றார். யாரும் அவரிடம் கேட்கவேயில்லை! அடுத்த வாரம் இருவர் ஒரே கோப்பைத் தனித்தனியே திருத்தி, ஒருவர் வேலையை மற்றவர் அழித்துவிட்டார்கள். ஒரு நாள் பேச்சுவார்த்தையே இல்லை. அதன் பிறகுதான் லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் உருவாக்கிய கிட் என்ற கருவியைத் தேடிப்போய்க் கற்றார்கள். யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்பது அதில் பதிவாகிவிடும். பாவு ஓடும்போது இரண்டு முனையிலும் ஆள் நின்றால்தான் நூல் சிக்காது என்று நெசவு தெரிந்த எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் சொன்னார். அந்த ஐவருக்கும் அது உடனே புரிந்தது.

ஆகவே எங்கள் கோரிக்கைகள்:

முதலாவதும் முக்கியமானதும்: குழுத் திட்டப்பணி இரண்டாம் ஆண்டிலேயே தொடங்க வேண்டும், ஒவ்வொரு பணிக்கும் கல்லூரிக்கு வெளியே உண்மையான பயனாளர் ஒருவர் இருக்க வேண்டும். கூட்டுறவுச் சங்கம், ஊராட்சி அலுவலகம், பரங்கிப்பேட்டை மீனவரின் ஏலக்கணக்கு, அரசுப் பள்ளி நூலகம் என்று எங்கள் வட்டாரத்தில் வேலைக்குப் பஞ்சமில்லை. பயன்படுத்தியவரின் கருத்து மதிப்பீட்டில் சேர வேண்டும்.

இரண்டாவது, நால்வருக்கும் ஒரே மதிப்பெண் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். கிட் பதிவேட்டைப் பார்த்தும், வைவாவில் அங்கேயே ஒரு சிறு மாற்றத்தைச் செய்யச் சொல்லியும் தனித்தனியே மதிப்பிடலாம். காசு கொடுத்து வாங்கியவரால் அந்த மாற்றத்தைச் செய்ய முடியாது.

வழிகாட்டும் ஆசிரியர் ஒருவருக்கு இத்தனை குழுக்கள் என்று உச்சவரம்பு விதித்து, அந்த நேரத்தைக் கால அட்டவணையில் பாடவேளையாகவே காட்ட வேண்டும். விடுதி மாணவர்களுக்கு ஆய்வகம் மாலையிலும் திறந்திருக்க வேண்டும்.

2022-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் கீழ் இதற்குப் பயிற்சி தரலாம். 1929-இல் தொடங்கி, 2013 முதல் அரசின் நிர்வாகத்தில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகம் எங்களுக்கு மிக அருகில் இருக்கிறது. முன்னோட்டத்தை அங்கிருந்து தொடங்கினால், பயனாளர்களைத் தேடித் தரும் பொறுப்பை எங்கள் சங்கம் ஏற்கும்.

அடுத்த கல்வியாண்டுப் பாடத்திட்டம் முடிவாகும் முன் எங்களை நேரில் அழைத்துக் கேட்டு, உரிய ஆணை பிறப்பிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
சங்கச் செயற்குழுவினர்,
புவனகிரி.

நகல்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், கடலூர்.