சயான் முதல் சுனாபட்டி வரை: சர்க்கரைக்குத் தனிச் செவிலியர் வேண்டும்

மும்பையில் வயது வந்தோரில் ஏறக்குறைய 18 விழுக்காட்டினருக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை கூடுதலாக இருப்பதாக 2021இல் மாநகராட்சி நடத்திய ஆய்வு சொன்னது. இந்த எண் நமக்குப் பழகிவிட்டது. சுனாபட்டி, சயான், தாராவி, செம்பூர் என்று நம் தமிழர்கள் வாழும் பகுதிகளில் சுகர் மாத்திரை இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மருத்துவர் இருக்கிறார், சீட்டு கிடைக்கிறது, மாத்திரையும் கிடைக்கிறது. அந்த மாத்திரையோடும் ஊசியோடும் எப்படி வாழ்வது என்று உட்கார்ந்து சொல்லித்தர மட்டும் ஆளில்லை.

சயான் மருத்துவமனையின் புறநோயாளிக் கூட்டத்தில் ஒருவருக்கு ஒரு மருத்துவர் ஒதுக்கக்கூடிய நேரம் சில நிமிடங்களே. அதற்காக மருத்துவரைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால் இன்சுலின் சில நிமிடங்களில் புரிந்துவிடும் மருந்தல்ல. நம் நாட்டில் இன்சுலின் குப்பி மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என இரு வகையில் வருகிறது. முதலாவதற்குச் சிவப்பு மூடி ஊசி, இரண்டாவதற்கு ஆரஞ்சு மூடி ஊசி. 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடி ஊசியில் மருந்தை எடுத்தால் இரண்டரை மடங்கு உடம்பில் ஏறிவிடும். அந்த நோயாளி விடியுமுன் மயங்கிக் கிடக்கலாம். ஊசியைக் கையில் கொடுத்து, நோயாளியையே போட்டுக்காட்டச் சொல்லி, தவறைத் திருத்துவது செவிலியரின் வேலை.

தாராவியில் இட்லி அவித்து விற்கும் குடும்பங்கள் நள்ளிரவு தாண்டியதுமே எழுந்துவிடும். ஊரெல்லாம் சுற்றி விற்றுவிட்டு அவர்கள் சாப்பிட உட்காரும் நேரத்தில் மற்றவர்கள் அலுவலகம் போய்ச் சேர்ந்திருப்பார்கள். “காலைச் சாப்பாட்டுக்கு முன்” என்று சீட்டில் எழுதினால் அவர்களுக்கு அது எந்த மணி? இன்னொன்று, வெளியே பேசத் தயங்கும் விஷயம். சர்க்கரை ஏறினால் அடிக்கடி சிறுநீர் வரும். பொதுக்கழிப்பறையை நம்பியிருக்கும் பெண்கள் இரவில் வெளியே போக அஞ்சித் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். இதை ஆண் மருத்துவரிடம், அதுவும் அரைகுறை இந்தியில், எந்தப் பாட்டி சொல்வார்? சிஸ்டரிடம் தமிழில் சொல்வார்.

தைராய்டுக்காரர்கள் நிலையும் இதுதான். வெறும் வயிற்றில் போட்டு அரைமணி நேரமாவது பொறுக்க வேண்டிய மாத்திரையைக் காப்பியோடு விழுங்கிவிட்டு, “மருந்து கேட்கவில்லை” என்கிறார்கள். நெடுநாள் ஸ்டீராய்டு எடுத்தவர் அதைத் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. அதையும் யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

இதற்கென்று தனிச் செவிலியர் கேட்பது புதுமையான கோரிக்கை அல்ல. பாஸ்டனில் எலியட் ஜோஸ்லின் இன்சுலின் வந்த காலத்திலேயே செவிலியர்களைப் பயிற்றுவித்து நோயாளிகளின் வீடுகளுக்கு அனுப்பினார். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வாசலுக்கே கொண்டுபோகிறது. 2024இல் ஐ.நா. விருதும் பெற்றது. அவ்வளவு தூரம் போவானேன்? 2020இல் இதே மாநகராட்சி தாராவியின் சந்துகளில் வீடு வீடாக ஏறி இறங்கிக் கொரோனாவைக் கட்டுப்படுத்தியது. உலக சுகாதார நிறுவனத் தலைவர் அதைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். தொற்றுக்குத் திறந்த அந்தக் கதவுகள் சர்க்கரைக்கும் திறக்கும்.

மராத்தி நாட்டில் தமிழில் சிகிச்சை கேட்பதா என்பார்கள். தமிழ் உட்பட எட்டு மொழிகளில் பள்ளி நடத்தும் மாநகராட்சி இது. பிள்ளைக்குத் தமிழில் பாடம் சொல்ல முடிந்தவர்களுக்கு, அந்தப் பிள்ளையின் பாட்டிக்குப் பாதத்தில் காயமிருக்கிறதா என்று தினமும் பார்த்துக்கொள்ளும்படி தமிழில் சொல்வது கடினமல்ல. தமிழ் மட்டும் என்றும் நாம் கேட்கவில்லை. உருதுவும் குஜராத்தியும் பேசும் அண்டை வீட்டாருக்கும் அவரவர் மொழியில் இந்த வழிகாட்டல் கிடைக்க வேண்டும்.

செவிலியர் பற்றாக்குறை என்பது உண்மையான தடை. பயிற்சி மருத்துவமனைகளில் மூன்று நோயாளிகளுக்கு ஒரு செவிலியர் வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் நெறி. அரசு வார்டுகளில் அதை எங்கும் காண முடிவதில்லை. ஆகவே வார்டில் இருப்பவரை இழுத்து இந்த வேலையையும் தலையில் கட்டுவதை நாம் ஏற்கமாட்டோம். புதுப் பணியிடம்தான் வேண்டும். செலவாகும். ஆனால் உணர்ச்சி மரத்த பாதத்தில் பட்ட சிறு காயம் கவனிப்பாரின்றி அழுகிக் காலை எடுக்கும் நிலைக்குப் போனால், அறுவைச் சிகிச்சைச் செலவு மாநகராட்சிக்கு, பிழைப்பு இழப்பு குடும்பத்துக்கு. வாரம்தோறும் டயாலிசிஸ் என்றானால் அதற்கு முடிவே இல்லை.

பிப்ரவரியில் மாநகராட்சி தன் நிதிநிலை அறிக்கையை வைக்கும்போது, இப்பகுதியின் ஒவ்வொரு மாநகராட்சி மருந்தகத்துக்கும் பயிற்சி பெற்ற நீரிழிவுச் செவிலியர் ஒருவரை, நிரந்தரப் பணியில், வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் பொறுப்போடு அமர்த்த நிதி ஒதுக்க வேண்டும். வட்டார உறுப்பினர்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும். வாசகர்களே, உங்கள் வார்டு அலுவலகத்துக்கு இந்த வாரமே ஒரு மனு எழுதுங்கள்.