நச்சாவி எவ்வளவு தூரம் செல்லும்?



நம் வாணியம்பாடியைத் தொட்டுச் செல்லும் நெடுஞ்சாலையில் அமிலமும் பிற இரசாயனங்களும் ஏற்றிய டேங்கர் லாரிகளை நாள்தோறும் காண்கிறோம். அவற்றுள் ஒன்று கவிழ்ந்தால் எவ்வளவு தூரத்திற்கு ஆபத்து என இளைஞர் சிலர் நம்மிடம் வினவினர். ஒரே எண்ணை விடையாகக் கூற இயலாது. சிந்தியது யாது, அளவு என்ன, காற்று எத்திசை வீசுகின்றது, பகலா இரவா என்பனவற்றைப் பொறுத்தே தூரம் அமையும்.

2023 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள். எண்ணூரில் கோரமண்டல் இன்டர்நேஷனல் உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் நள்ளிரவை ஒட்டிக் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் மூச்சுத் திணறி, வீடுகளை விட்டுச் சாலைக்கு ஓடினர். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். அம்மோனியா காற்றினும் இலேசானதே. மேலெழுந்து மறைந்துவிடும் என எண்ணத் தோன்றும். ஆயினும் குளிர்ந்த நிலையில் வெளிப்படுகையில், ஈரக்காற்றுடன் கலந்து வெண்புகையாய்த் தரையோடு தவழும்.

இரவு நேரமே கொடிது. பகலில் சூடேறிய தரைக்காற்று மேலெழுந்து நச்சைக் கலைத்துவிடும். இரவிலோ தரையை ஒட்டிய குளிர்காற்று அசையாது கிடக்க, ஆவி செறிவு குறையாமல் பரவும். அமெரிக்கா, கனடா, மெக்சிகோ நாடுகள் தீயணைப்போருக்கென வெளியிடும் கையேட்டின்படி, டேங்கர் லாரியிலிருந்து அம்மோனியா பெருமளவில் வெளியேறி மென்காற்று வீசினால், காற்றுச் செல்லும் திசையில் பகலில் ஏறத்தாழ 1 கிலோமீட்டர், இரவில் 2 கிலோமீட்டர் வரை மக்களைக் காக்க வேண்டும். குளோரினாயின் 5 கிலோமீட்டருக்கும் மேல். 1984 டிசம்பர் 2-3 இரவில் போபாலிலும், 2020 மே 7 விடியுமுன் விசாகப்பட்டினத்திலும் பரவியவை காற்றினும் கனத்த ஆவிகள்; உறங்கிய வீடுகளுக்குள்ளேயே அவை புகுந்தன. போபாலில் பலர் நச்சு சென்ற திசையிலேயே ஓடினர். காற்றுக்குக் குறுக்காக விலகி, மேட்டு நிலத்தை அடைந்திருக்க வேண்டும்.

லாரி கவிழ்ந்தால் குடத்தோடு ஓடும் பழக்கமும் நம்மவரிடையே உண்டு! வண்டியில் பொறித்துள்ள நான்கிலக்க எண்ணைத் தொலைவிலிருந்தே படித்துத் தீயணைப்பு நிலையத்திற்குச் சொன்னால் பேருதவி. 1005 எனில் அம்மோனியா, 1017 குளோரின், 1830 கந்தக அமிலம்.

தூரத்தைக் கேட்ட இளைஞர்க்கு அண்மையையும் கூறவேண்டும். தோலின் மயிர் நீக்கப் பயன்படும் சோடியம் சல்பைடு, அமிலக் கழிவோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சுவாயு உண்டாகும். அது தொட்டியின் அடியிலேயே தேங்கும். முதலில் அழுகிய முட்டையின் நாற்றம். செறிவு மிகுந்தால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. நாற்றம் போயிற்றென இறங்கியவர் மயங்கி விழ, அவரைத் தூக்கச் சென்ற உடன்பிறப்பும் மாண்ட செய்திகள் எத்தனை! ஈரத்துணியை முகத்தில் கட்டி இறங்குவது இங்கு உதவாது. மூச்சுக்கருவி அணிந்த தீயணைப்பு வீரரே இறங்க வேண்டும். அழைக்க 101 அல்லது 112.