யந்திரத்திலும் சுதேசியம் வேண்டும்

2024-25ஆம் வருஷத்தில் தமிழ்நாட்டிலிருந்து ஏற்றுமதியான மின்னணுச் சாமான்களின் மதிப்பு 1,400 கோடி டாலருக்கு மேற்பட்டது. மகிழத்தக்க செய்திதான். ஆயினும், ஸ்ரீபெரும்புதூரிலும் ஓசூரிலும் அச்சாமான்களைச் செய்துதரும் யந்திரங்கள் எவர் நாட்டவை என்று நம் தேசாபிமானிகள் கேட்க வேண்டும். அவற்றிற் பெரும்பாலானவை ஜப்பான், சீனா, கொரியா, ஜெர்மனி முதலிய தேசங்களிலிருந்து வந்தவை. 2025ஆம் வருஷத்தில், சீனாவிலிருந்து யந்திரங்கள் வரத் தாமதமாவதாகவும், இங்கிருந்த சீன எஞ்சினீயர்கள் நூற்றுக்கணக்கில் திருப்பி அழைக்கப்பட்டதாகவும் செய்திகள் வெளியாயின. அயலான் கொல்லைக் கிணற்றை நம்பிப் பயிரிட்டவன் கதி இதுவே.

நமக்கு இது புதிய பாடமன்று. முன்னாளில் நம் ஆலைகள் நூற்றது சுதேசி நூல். நூற்ற யந்திரமோ லங்காஷயரிலிருந்து வந்தது. அந்நிலையை மாற்றிய பெருமையிற் பெரும்பங்கு கோயமுத்தூரைச் சாரும். ஆலை யந்திரங்களைப் பழுதுபார்த்த பட்டறைகளிலே கைத்திறன் வளர்ந்தது. 1937இல் ஸ்ரீ ஜி. டி. நாயுடுவும் ஸ்ரீ டி. பாலசுந்தரமும் மின்சார மோட்டாரைச் செய்து காட்டினர். 1962இல் தோன்றிய லக்ஷ்மி மெஷின் ஒர்க்ஸ் நூற்பு யந்திரங்களையே செய்யத் தலைப்பட்டது.

நெதர்லாந்திலும் ஒரு திருஷ்டாந்தம் உண்டு. ஏஎஸ்எம்எல் என்னும் கம்பெனி 1984இல் ஐந்தோவன் நகரில், பிலிப்ஸ் காரியாலயத்தின் அருகே, மழைக்கு ஒழுகும் கொட்டகையொன்றில் ஆரம்பமாயிற்று. இன்று மிக நுண்ணிய சில்லுகளுக்கு வேண்டிய அதிநுண் ஒளியச்சு யந்திரத்தைச் செய்வது உலகில் அது ஒன்றே. அதன் வளர்ச்சிக்கு நிபுணர்களின் அறிவு மட்டும் காரணமன்று. 2012இல் இன்டெல், சாம்சங், டிஎஸ்எம்சி ஆகிய அதன் வாடிக்கைக்காரர்களே பங்கு வாங்கி, ஆராய்ச்சிக்கும் பணம் கொடுத்தனர். யந்திரம் செய்பவனை வளர்ப்பது வாங்குபவனின் பொறுமையே என்பது இதனால் விளங்கும்.

இப்பாடத்தைப் புதுக்கோட்டை ஜில்லாவில் பரீக்ஷித்துப் பார்க்கலாம் என்பது நமது அபிப்பிராயம். திருச்சி பாய்லர் தொழிற்சாலையை நம்பி மாத்தூரில் எழுந்த பட்டறைகளில் இரும்புத் தகட்டை வெட்டவும் வளைக்கவும் பற்றவைக்கவும் வல்ல தொழிலாளர் உண்டு. அத்தொழிற்சாலையின் ஆர்டர்கள் சுருங்கியபோது வேலையற்று வாடிய பட்டறைகள் பல. மின்னணுத் தொழிலில், ஈயப்பசை தடவிய பலகையில் எள்ளினும் சிறிய உறுப்புகளை ஒரு யந்திரம் பொருத்துகிறது. பின் அப்பலகை சூளைக்குள் ஊர்ந்து சென்று, ஏறக்குறைய 240 டிகிரி வெப்பத்தில் ஈயம் உருகி ஒட்டுகிறது. உறுப்பு பொருத்தும் யந்திரம் கடினமானது. அதற்குக் காலம் வேண்டும். சூளையோ தகட்டுப் பெட்டி, வெப்பச் சுருள், ஓடும் சங்கிலி, கட்டுப்பாட்டுக் கருவி ஆகியவற்றின் சேர்க்கையேயாகும். அதையும், சோதனைச் சாதனங்களையும் செய்ய நம்மவரால் ஏன் இயலாது?

அன்னிய யந்திரம் மலிவானது, நம்பத்தக்கது என்பர் சிலர். இன்று அது வாஸ்தவமே. அதனை விலக்குமாறு நாம் சொல்லவில்லை. ஆனால் முதல் யந்திரத்தை எவரும் வாங்காவிடில், திருந்திய இரண்டாவது யந்திரம் எங்கிருந்து வரும்?

மத்திய சர்க்கார் 2025 மார்ச்சில் 22,919 கோடி ரூபாயில் அங்கீகரித்த உதிரிப்பாகத் திட்டத்தில் யந்திரத் தயாரிப்புக்கும் இடமுண்டு. அவ்வருஷத்து மாகாண வரவுசெலவுத் திட்டம் சூலூரிலும் பல்லடத்திலும் சில்லுத் தொழிலுக்கான யந்திரப் பூங்காக்களை அறிவித்தது. நல்லதே; எனினும் மாத்தூரின் சிறு பட்டறைக்காரனுக்கு இவற்றின் பயன் எட்ட வேண்டும். அங்கே பொதுச் சோதனைச் சாலையொன்று அமைக்கப்பட வேண்டும். சொத்து ஈட்டின்றி, கையிலுள்ள ஆர்டரைக் கொண்டே பாங்கிகள் கடன் தர வேண்டும். சிறுதொழிலாருக்கு 45 நாட்களுக்குள் பணம் செலுத்த வேண்டுமென்னும் 2006ஆம் வருஷச் சட்டம் ஏட்டுச் சுரைக்காயாக நின்றுவிடக் கூடாது. சர்க்கார் சலுகை பெறும் பெரிய கம்பெனிகள் தம் தேவையில் ஒரு பகுதியையேனும் உள்நாட்டு யந்திரங்களால் நிரப்ப வேண்டும்.

1991இல் அறிவொளி இயக்கத்தால் எழுத்தும், கூடவே சைக்கிளும் பழகிய பெண்கள் வாழும் ஜில்லா இது. அவர்களுடைய மக்கள் தொலைவிலுள்ள விடுதிகளில் தங்கிப் பிறர் செய்த யந்திரத்துக்குக் காவலிருப்பதோடு திருப்தியடைய வேண்டுமா? ஊரிலேயே யந்திரம் செய்வோராக அவர்களை உயர்த்துவது நம் பிரதிநிதிகளின் கடமை. பொது ஜனங்கள் அதை வற்புறுத்திக் கேட்பார்களாக.